சீர்பாட்

இரவு பதினொன்றரைக்கு, செக்காலை ரோட்டில்
கடைசிப் பரோட்டாக் கல் ஆறும்போது
நான் அதை எழுப்பிவிடுவேன்.
ஒரு கட்டளை, ஒரு என்டர்.
அது வேலைக்குப் போகும்.
நான் பல் துலக்கப் போவேன்.

பொதுக் கிடங்கில் எங்கள் பக்கத்துப் படங்கள்
பதினோராயிரத்துச் சொச்சம்.
ஆளாளுக்கு ஒரு உரிமக் குறிப்பு:
"பெயர் போட்டால் போதும்", "பேர் போடவும்",
"இலவசம்", "இலவசமாக", "எலவசம்",
"என் படம்தான் சத்தியமாக".
ஒருவர் வெறுமனே ஓம் என்று எழுதியிருந்தார்.
எல்லாம் ஒரே முத்திரைக்குள் வர வேண்டும்,
ஒரே சொல், ஒரே எண், ஒரே இடைவெளி.
சீர்பாட் அதற்காக நான் பெற்ற பிள்ளை.
பகலெல்லாம் கூட்டுறவு வங்கியில்
பிறர் கையெழுத்தைச் சரிபார்க்கிறவன்
வேறென்ன பெறுவான்.

நிமிடத்துக்கு ஆறு படம்.
அதற்கு மேல் போனால் கிடங்கு முகம் சுளிக்கும்.
கானாடுகாத்தான் முகப்பு, கொத்தமங்கலம் ஊருணி,
ஆத்தங்குடித் தரை அறுநூறு தரம்,
யாரோ ஒருவரின் கட்டைவிரல் மறைத்த பள்ளத்தூர்த் தெரு.
எதையும் அது பார்ப்பதில்லை.
படத்துக்குக் கீழே இருப்பதை மட்டும் படிக்கும்.
படிக்கும் என்பதும்
மரியாதைக்காக நான் சொல்வது.

மாசியில், புதிய பஸ் ஸ்டாண்டில் ஒரு ஃபிளெக்ஸ்.
தங்கும் விடுதி.
வளவு, தூண்கள், சாய்ந்த வெயில்.
ஓரத்தில் பாதி வாளி.
வாளிக்குக் கை இருந்தது,
கைக்கு ஆள் இல்லை.
கீழே எறும்பு அளவில்: அருளப்பன், தேவகோட்டை.
முத்திரை சரி. எண் சரி. இடைவெளிகூடச் சரி.
முதலில் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

அந்தப் பாதி வாளி
என்னோடு பஸ் ஏறி வீடுவரை வந்தது.

பதிவேட்டைத் திறந்தேன்.
ஏழாயிரத்து முந்நூற்று நான்காம் திருத்தம்.
கழித்தது நூற்றுச் சில்லறை எழுத்து:
"மீட்டர் பார்க்கப் போன இடத்தில் எடுத்தது.
யாரும் எடுத்துக்கலாம்.
ஓரத்தில் நிற்பது பஞ்சவர்ணம்.
அந்தம்மாவை வெட்டாமல் எடுங்க."

யாரும் எடுத்துக்கலாம்:
அந்த இரண்டு சொல்லை மோப்பம் பிடித்துவிட்டு
மீதியைக் குப்பை என்றது.
இல்லை, அது சொல்லவில்லை.
நான்தான் ஒரு புள்ளியும் ஒரு நட்சத்திரமும் போட்டு
இதற்குப் பின் எது வந்தாலும் அழி
என்று சொல்லிக்கொடுத்திருந்தேன்.
புள்ளி என்றால் இந்த ஊரில்
கோயிலுக்கு வரி கட்டும் ஒரு குடும்பம், எண்ணி வைத்த கணக்கு.
ஸ்கிரிப்டில் புள்ளி என்றால்
எதுவானாலும், யாரானாலும்.

சட்டம் என் பக்கம்.
வெட்டாதே என்று நிபந்தனை வைத்தால்
அது திறந்த உரிமம் ஆகாது,
முத்திரைக்குள் அதற்கு இடம் கிடையாது.
விடுதிக்காரர் மேலும் தப்பில்லை, பெயர் போட்டிருக்கிறார்.
எல்லோரும் சரி.
வாளிதான் பாதி.

நான்கு இரவு அதை எழுப்பவில்லை.
கழித்ததையெல்லாம் உட்கார்ந்து படித்தேன்.
"கேமரா மச்சானுடையது, பாதி உரிமை அவருக்கு."
"பதினாறு பங்காளியில் பதினைந்து பேர் சரி என்றார்கள்,
ஒருவர் பினாங்கில், கடிதம் போட்டிருக்கிறேன்."
"நாயின் பெயர் ஜப்பான்."
"எடுத்த மறுநாள் பரண் விழுந்தது,
அதற்கும் எனக்கும் சம்பந்தமில்லை."
சிரித்தேன். பிறகு சிரிக்க முடியவில்லை.

ஐந்தாம் இரவு ஒரு வரி சேர்த்தேன்.
முத்திரை அப்படியே, உரிமம் அப்படியே.
கழிப்பது எதுவானாலும் அள்ளி
விவரம் என்ற பெட்டியில் கொட்டு.
அங்கே எழுதியதற்கு யாரும் கட்டுப்பட்டவர் இல்லை.
ஆனால் அங்கே
எப்போதாவது ஒரு கண் போகும்.

பின்னோக்கி ஓடவிட்டு விழித்திருந்தேன்.
மூன்றே காலுக்கு அந்த எண் வந்தது.
முதல் தடவையாகப் படத்தைத் திறந்தேன்,
முழுதாக.

பஞ்சவர்ணம் கேமராவைப் பார்க்கவில்லை.
அருளப்பன் கையிலிருந்த மீட்டர் அட்டையைப் பார்க்கிறார்,
எத்தனை யூனிட் என்று
கேட்கப்போகிற வாயோடு.
வாளியில் விளிம்புவரை தண்ணீர்.